இறங்காத வலது கை

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவருக்கு இடது கண் வீங்கி முழுவதும் மூடியிருந்தது. மேலுதட்டில் ஒரு தையல். ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டு முன்னறையில், சுவரோரமாகப் போட்டிருந்த பிரம்பு நாற்காலியில், இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் காபித் தட்டை நீட்டினேன். சூடு உதட்டில் பட்டால் எரியுமே என்று அவர் தயங்கியதும், அந்தத் தயக்கத்தை மறைக்கப் பார்த்ததும், முடியாமல் போய் கோப்பையைப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு அது ஆறுவதற்காக அதையே பார்த்துக்கொண்டிருந்ததும் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கின்றன.

ரயில் கதவு பட்டுவிட்டது என்று அவருடைய அம்மா என் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவர் காதில் விழுந்துவிட்டது. "கதவு இல்லீங்க, பாக்சிங்" என்றார் என் அப்பாவைப் பார்த்து. "முந்தாநாள் இங்க டவுன்லதான் நடந்துச்சு." என் அப்பா பொதுப்பணி இலாகாவில் ஓவர்சியர். எதையும் நேராகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பிடித்துப்போகும். ஜெயித்தீர்களா என்று கேட்டார். ஜெயித்தேன் என்று பதில் வந்தது. மாநில அமெச்சூர் சாம்பியன் பட்டம். வெள்ளிக் கோப்பை ஒரு துணிப்பைக்குள் அவர் காலடியிலேயே இருந்தது. அவருடைய அம்மா அதை மெல்லக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார். எதிர்த்து நின்றவர் எப்படி இருக்கிறார் என்று அப்பா கேட்டபோது, "நல்லா இருக்காருங்க. நேத்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிட்டோம்" என்றார். உள்ளே கதவோரம் நின்றுகொண்டிருந்த எனக்கு, இந்த மனிதரோடு வாழ்ந்துவிடலாம் என்று தோன்றியது அந்த ஒரு பதிலில்தான்.

கல்யாணமாகிக் குளுவாங் போனேன். என் மாமனார் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக, மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவராக, இருந்தார். தோட்டத்துக்கு டாக்டர் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் பாம்புக் கடிக்கும் பிரசவத்துக்கும் மாமாதான். ஆஸ்பத்திரியை ஒட்டிப் பலகை வீடு ஒன்று கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம். அதன் கிளையில் மணல் அடைத்த கோணிமூட்டை தொங்கியது. புது மருமகளாக நான் முதன்முதலில் கேட்டுப் பழகிய சத்தம் அந்த மூட்டையில் அவர் குத்துகிற சத்தம்தான். இடது, இடது, கொஞ்சம் இடைவெளி, பிறகு வலது. வலது விழும்போது கிளை முனகும். காய்க்கிற பருவத்தில் இரண்டு பழமாவது உதிரும். அத்தை கூடையோடு போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

அவர் ரயில்வேயில் சரக்கு ஆபீஸ் கிளார்க். தோட்டத்தில் கிளார்க்கைக் கிராணி என்பார்கள். அதனால் அவரும் கிராணி. விடிந்ததும் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுவார். பால் வெட்டப் போகிறவர்கள் வாளியும் கத்தியுமாக ஒதுங்கி நின்று வழிவிட்டு, இன்னும் எத்தனை சுற்று என்று விசாரிப்பார்கள். ஓடிவிட்டு வந்து கயிறு தாண்டுவார். கயிறு தரையில் படுகிற சத்தம் சீராக இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே நான் தேங்காய் துருவினால் என் கையும் அந்தத் தாளத்துக்குப் போய்விடும். அப்புறம் ஆட்டுக்கால் சூப்பு, இரண்டு பச்சை முட்டை. குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுச் சைக்கிளில் ஏறினால் அவர் சண்டைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. ஜொகூர் பாருவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தபோது டிரில் வாத்தியார் கற்றுக்கொடுத்த வித்தை அது. அடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும், அடிபடாமல் இருக்கத்தான் வருஷக்கணக்கில் ஆகும் என்று அடிக்கடி சொல்வார்.

மாமாவுக்கு மகனுடைய குத்துச்சண்டையில் தனிப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். போட்டி முடிந்து வந்ததும் மகனை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரவைத்துக் காயத்தைத் துடைப்பார். துடைத்துக்கொண்டே எந்தச் சுற்றில், எப்படி, எதனால் பட்டது என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். மருந்து போடுவதற்காகக் கேட்பதுபோல இருக்கும் கேள்விகள். ஆனால் மொத்தச் சண்டையையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டு முடிக்காமல் பஞ்சைக் கீழே வைக்க மாட்டார். இரண்டாவது கோப்பை வந்தபோது அத்தை முதல் கோப்பையைச் சாமி அறையில் விபூதி வைக்க எடுத்துக்கொண்டார். நல்ல வெள்ளி, சும்மா ஏன் கிடக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஓயாமல் வந்துபோனவர், அந்த ஜொகூர் பாரு போட்டியில் அவரிடம் இறுதிச் சண்டையில் தோற்ற சீனர். மூவாரில் ஆற்றோரம் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரைத் தச்சர் என்றே சொல்வோம். பஸ் மாறி மாறி வருவார். வரும்போது மூவார் ஆற்றுமுகத்து மீன் வாழை இலைச் சுருளில் வரும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, நடுவில் மலாய் இருந்தது. ரம்புத்தான் மரத்தடியில் இரண்டு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு பழகுவார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் நன்றாகவே அடித்துக்கொள்வார்கள். பிறகு கிணற்றடியில் ஒருவர் தலையில் ஒருவர் தண்ணீர் ஊற்றிவிட்டு, என் மீன் குழம்பைச் சாப்பிட உட்காருவார்கள். தச்சர் சாப்பிடுகிற பலகையைக்கூட விரலால் அளந்து பார்ப்பார். ஒரு கால் நூலளவு குட்டை என்பார். அடுத்த முறை வரும்போது உளியோடு வந்து சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவார்.

"உன் புருஷனோட இடது கை பேசும், வலது கை கையெழுத்துப் போடும்" என்று ஒருமுறை என்னிடம் மலாயில் சொன்னார். அது உண்மை. இடது கையால் இரண்டு முறை தொட்டு எதிராளியின் கையை விலக்குவார். அந்த இடைவெளியில் வலது போகும். போவது தெரியாது. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். ஜனங்கள் அதற்காகவே வந்தார்கள். "வலது, கிராணி, வலது" என்று கூட்டம் தாளம் போட்டுக் கத்தும்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. அந்த வருஷங்களை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் லயன் வீடுகள் பாதி காலியாகின. வருஷக்கணக்கில் மாமாவிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்து சொல்லிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறப் போனார்கள். ரயிலில் ஏற்றுவதற்குச் சரக்கு இல்லாதபோது சரக்கு ஆபீசில் கிளார்க் எதற்கு? அவரையும் நிறுத்திவிட்டார்கள். அப்போது எங்கள் மூத்தவன் தவழ ஆரம்பித்திருந்தான்.

சிங்கப்பூரிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் டிக்கெட் வைத்துக் குத்துச்சண்டை நடத்துகிறவர்கள் முன்பே இரண்டு முறை கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அவரே கடிதம் எழுதினார். தொழில்முறைச் சண்டைக்காரர் ஆகிவிட்டால் அமெச்சூர் போட்டியில் மறுபடி இறங்க முடியாது. அந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "இத்தனை நாள் நீ விளையாடினே. இனிமே கையை வாடகைக்கு விடப் போறே. அதுல வர்ற காயத்துக்கு என்கிட்ட மருந்து கிடையாது" என்றார். சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு மகன் கண்புருவம் கிழிந்து வந்தாலும் மாமா பார்க்காததுபோல் வார்டுக்குள் போய்விடுவார். நான்தான் வெந்நீர் வைத்துத் துடைப்பேன். சுற்று சுற்றாகக் கேட்க எனக்குத் தெரியாது. அவரும் சொல்ல மாட்டார்.

நோட்டீசில் அவர் பெயரைப் போடவில்லை. "குளுவாங் கிராணி" என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். கிராணி வேலை போன பிறகு ஊர் ஊராக அந்தப் பெயர் ஒட்டப்பட்டதை நினைத்து அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அமெச்சூரில் பனியன் போட்டுக்கொண்டு மூன்றே சுற்று. இங்கே வெறும் உடம்பு, பத்துச் சுற்று, கையுறையும் சின்னது. ஊர் பார்க்க மேலுக்குத் துணியில்லாமல் நிற்பதுதான் அத்தைக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. ஆனாலும் அது அவருடைய நல்ல காலம். ஈப்போவில் ஜெயித்தார், பினாங்கில் ஜெயித்தார், கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயை நான்காம் சுற்றில் படுக்கவைத்தார். குளுவாங் முடிதிருத்தகங்களில் அவர் படம் தொங்கியது. ரயிலில் வந்து இறங்கினால் ஸ்டேஷன் கூலிகள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் எனக்கு ஒரு தபால் அட்டை வரும். "நலம். ஜெயம். முகத்தில் அதிகமில்லை" என்று மூன்றே செய்தி. மூன்றாவதைத்தான் நான் முதலில் படிப்பேன். அந்த அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன.

தச்சரும் தொழில்முறைக்கு வந்துவிட்டார். மேஜை நாற்காலி வாங்க யாரும் இல்லாத காலம். அவருக்கும் பெயர் கூடியது. கடைசியில், யாரும் திட்டம் போடாமலே, நடக்க வேண்டியது நடந்தது. இரண்டு பேரையும் மோதவிட்டு, ஜெயிக்கிறவரைச் சிங்கப்பூரில் கீழ்த்திசைப் பட்டத்துக்கு மணிலாக்காரர் ஒருவரோடு இறக்குவது என்று ஏற்பாடாகியது. சண்டை குளுவாங்கிலேயே, சந்தைக்குப் பக்கத்துத் திடலில். அந்தச் செய்தியை அவர் தச்சருக்கு எழுதினார், தச்சர் அவருக்கு எழுதினார். இரண்டு கடிதமும் ஒரே நாளில் எதிரெதிராகப் போயிருக்கின்றன. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: நன்றாகச் சாப்பிடு, எனக்காக விட்டுக்கொடுக்காதே.

சண்டைக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை நண்பகலில் தச்சர் வந்தார். என் புருஷன் பத்துப்பகாட்டுக்குப் போயிருந்த நாள். வீட்டுக்கு வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் பின்னறையில் துவைத்த கட்டுத் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். ஒளிந்து கேட்டேன் என்று சொல்ல முடியாது. கேட்டதும் எழுந்துபோயிருக்கலாம், போகவில்லை.

இடது கண்ணில் சில வாரங்களாக மின்னல் மின்னலாகத் தெரிகிறது, ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை இறங்கி நிற்கிறது என்று தச்சர் சொன்னார். மாமா ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார். கண்ணுக்குள்ளே ஒரு சவ்வு கிழிய ஆரம்பித்திருக்கிறது என்று தான் நினைப்பதாகவும், உடனே சிங்கப்பூர் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும், அந்தப் பக்கம் இன்னும் ஒரு பலத்த அடி விழுந்தால் அந்தக் கண் போய்விடும் என்றும் சொன்னார். தச்சர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். கிராணிக்கு இது தெரியக் கூடாது. மாமா வாக்குக் கொடுத்தார்.

தச்சர் போன பிறகு நான் வெளியே வந்தேன். மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "மாமா, அவருக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன். மாமா கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டார். "நோயாளி சொன்னது இந்த ரூமைத் தாண்டிப் போகாதும்மா. உங்கிட்டயும் அதான் கேக்கிறேன்" என்றார். சண்டையிலிருந்து விலகும்படி தச்சருக்கு அவர் இரண்டு கடிதம் எழுதியது எனக்குத் தெரியும். பதில் வரவில்லை. நோட்டீஸ் மட்டும் ஒட்டிக்கொண்டே போனார்கள்.

பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பின்னால் மணல்மூட்டை அதிர்ந்துகொண்டே இருந்தது. இடது, இடது, வலது. எதிரில் நிற்கிறவருக்கு வலது கை போய் இறங்குகிற இடம் அவருடைய இடது கண் என்று அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்குமேல் எனக்குச் சமையல் ஓடவில்லை. சண்டைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் அவர் சூப்புக் குடித்துக்கொண்டிருந்த வேளையில் சொல்லிவிட்டேன். தச்சர் வந்தது, மாமா பார்த்தது, எல்லாம்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எந்தக் கண்ணு?" என்றார்.

"இடது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்துபோய்ப் பழையபடி மூட்டையில் குத்த ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு சண்டைக்காரரிடம் எதிராளியின் எந்தப் பக்கம் இருட்டு என்று சொல்லிவிட்டேன். பட்டம், சிங்கப்பூர், பிள்ளையின் பால்மாவு, எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தன. என் புருஷனை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மேடையில் அவரை எனக்குத் தெரியாது. அந்த இரண்டு நாளும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோனேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் திடல் நிரம்பி வழிந்தது. தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக வந்திறங்கினார்கள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் சீக்கியக் காவலர்களுமாக, மரத்தின் மேலெல்லாம் ஆட்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு வரிசை பெஞ்சு போட்டிருந்தார்கள். அத்தையும் நானும் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. இரண்டு பேரும் மேடையேறிக் கைகுலுக்கியபோது ஜனங்கள் எழுப்பிய சத்தத்தில் பிள்ளை அழ ஆரம்பித்தான்.

முதல் இரண்டு சுற்றிலும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இடது, இடது, இடைவெளி, அங்கே நின்றுவிட்டது. வலது கையைத் தாடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு இடதாலேயே சண்டை போட்டார். வயிற்றில் அடித்தார், தோளில் அடித்தார், முகத்துக்குப் போனால் இடது கைதான், அதுவும் தச்சரின் நல்ல கண் பக்கம். நான்காம் சுற்றில் கூட்டம் "வலது, கிராணி, வலது" என்று தாளம் போட்டது. ஐந்தாம் சுற்றில் அந்தத் தாளம் கிண்டலாக மாறியது. தச்சருக்கு அது சாதகம். அவர் நெருங்கி நெருங்கி அடித்தார். என் புருஷனின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து மார்பில் இறங்கியது.

ஆறாம் சுற்றில் தச்சரின் கால் வழுக்கியது. கை தாழ்ந்தது. முகத்தின் இடது பக்கம் முழுவதும் திறந்து கிடந்தது. என் புருஷனின் வலது கை பழக்கத்தினால் தானாகவே எழும்பிப் பாய்ந்தது. நான் கண்ணை மூடவில்லை. கன்னத்துக்கு ஒரு விரல் தூரத்தில் அந்தக் கை நின்றது. அத்தனை வேகமாகப் போன கை அப்படி நிற்பதை நான் முன்னேயும் பார்த்ததில்லை, பின்னேயும் பார்த்ததில்லை. நின்று, விரிந்து, தச்சரின் தோளைப் பிடித்து அவரை நிமிர்த்திவிட்டது.

தச்சருக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நடுமேடையில் நின்றார். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. என்ன சொன்னார் என்பதைப் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "அடி, கிராணி. நான் பிச்சை கேக்கல" என்று மலாயில் சொல்லியிருக்கிறார். இவர் வலது கையை மறுபடி தாடையோடு சேர்த்துக்கொண்டார். நடுவர் இரண்டு பேரையும் எச்சரித்தார். மீதிச் சுற்றுகளில் தச்சர் கோபத்தோடு அடித்தார். இவர் வாங்கிக்கொண்டார். பத்தாவது சுற்று முடிந்து தச்சரின் கையை உயர்த்தினார்கள்.

எங்கள் ஊர் ஜனங்கள் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு சண்டையை விற்றுவிட்டான் என்று யாரோ கத்த, அது திடல் முழுக்கப் பரவியது. பழத்தோலும் மண்ணாங்கட்டியும் மேடைமேல் விழுந்தன. அவர் கயிறுகளுக்கு நடுவே குனிந்து இறங்கித் தலையை நிமிர்த்திக்கொண்டே நடந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் வாயடைத்துப்போவார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் தச்சரின் பிழைப்பும் மாமாவின் வாக்கும் போய்விடும். அவர் அதைச் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் சொல்லவில்லை.

கூட்டத்தின் பின்னால், தொழில்முறைச் சண்டையைக் கண்ணாலும் பார்க்க மாட்டேன் என்றிருந்த மாமா வெள்ளைக் கால்சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். கையில் மருந்துப் பை. எப்போது வந்தார் என்று தெரியாது. எங்களோடு நடந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரி பெஞ்சைக் காட்டி, "உக்காரு" என்றார். மகன் உட்கார்ந்தார். மாமா பையைத் திறந்து பஞ்சை எடுத்தார். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கை அந்த முகத்தைத் தொட்டது. காயத்தைத் துடைத்துக்கொண்டே, முதல் சுற்றில் என்ன நடந்தது என்று கேட்டார். நான் உள்ளே போய் அழுதேன்.

மறுநாள் காலை மாமா என்னிடம் கேட்டார், "நீ சொன்னியாம்மா?" ஆமாம் என்றேன். பொய் சொல்ல இடமில்லை. அவர் "நீ செஞ்சது தப்பு. செஞ்சதுனால ஒரு கண்ணு பிழைச்சுது. நான் எதைன்னு சொல்றது" என்றார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பின்னறையில் துணி சுருட்ட என்னைக் கூப்பிடவில்லை. மற்றபடி மகளைப் போலத்தான் நடத்தினார். அந்த ஒன்று மட்டும் அவர் இருந்தவரை மாறவில்லை.

பிழைத்தது என்றார் மாமா. பிழைத்தது நாற்பது நாள்தான். இரக்கத்தில் கிடைத்த வெற்றி தச்சருக்குத் தாங்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, கடிதத்துக்கும் பதிலில்லை. சிங்கப்பூர் போய்ப் பட்டத்துக்கு நின்றார். மூன்றாம் சுற்றில் மணிலாக்காரரின் வலது கை அந்தக் கண்ணில் இறங்கியது. சந்தையில் தமிழ்ப் பேப்பர் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இவர் போட்டிருந்த சட்டையோடு ரயிலேறினார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டோடு தச்சர் படுத்திருந்தாராம். இவர் குரலைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். இவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தாராம். விளக்கேற்றும் நேரத்தில் தச்சர் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்தபடியே கேட்டாராம், கண் நன்றாக இருந்திருந்தால் அன்றைக்கு நான் உன்னை ஜெயித்திருப்பேனா என்று. "மாட்டே" என்றாராம் இவர். பிறகு படுக்கை குலுங்கியது, அழுகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாராம். எனக்கு இதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சண்டையை விற்றவன் என்று பெயர் வாங்கியவருக்கு எந்த ஊரிலும் மேடை கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கைக்குக் கிடைத்த வேலையைச் செய்தார். பிறகு மூவாரில் ஒரு மரவாடியில் கிளார்க் வேலை அமைந்தது. மறுபடியும் உண்மையாகவே கிராணி. ஆற்றோரத்தில் வீடு எடுத்தோம். தச்சரின் பட்டறை நாலு வீடு தள்ளி.

ஒற்றைக் கண்ணில் பார்க்கிறவருக்குத் தூரம் பிடிபடாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உளியை ஓர் இடத்தில் வைக்க நினைத்தால் அதற்கு முன்னாலேயோ தாண்டியோ விழும். அந்த முதல் வருஷத்தில் தச்சர் தன் விரலையே இரண்டு முறை வெட்டிக்கொண்டார். தினமும் வேலை முடிந்ததும் இவர் பட்டறைக்குப் போவார். பலகையின் ஒரு முனையில் குனிந்து, மட்டமாக இருக்கிறதா, இழைப்பு எங்கே மேடாக நிற்கிறது என்று பார்த்துச் சொல்வார். தச்சர் இழைப்பார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், சுடா" என்பார் இவர். சுடா என்றால் மலாயில் போதும், முடிந்தது என்று அர்த்தம். நான் தேநீர் கொண்டுபோகும்போதெல்லாம் அந்தச் சுடா காதில் விழும். ஒரு வருஷத்தில் தச்சரின் கை தானாகவே பழகிவிட்டது. அதற்கப்புறம் யாரும் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இவர் போவதை நிறுத்தவில்லை, அவர் கேட்பதையும் நிறுத்தவில்லை.

ஒரு நாள் இவரிடமே கேட்டேன், நான் சொல்லாமல் இருந்திருந்தால் நல்லதாக இருந்திருக்குமோ என்று. "அப்படியும் சில நாள் நெனச்சிருக்கேன். பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் சாயங்காலம் பட்டறைக்குப் போயிடுவேன்" என்றார்.

மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. யுத்தமும் ஜப்பான்காரனும் சுதந்திரமும் வந்துபோயின. தச்சர் முன்னால் போனார், மூன்று வருஷத்துக்கு முன் இவரும் போய்விட்டார். மூவாரில் எங்கள் பிள்ளைகளும் தச்சரின் பிள்ளைகளும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். அந்தக் கதை அவர்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் குளுவாங் போயிருந்தேன். தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை நிற்கிறது. திடல் இருந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், என் வயது இருக்கும், என்னை அடையாளம் கண்டுகொண்டு தன் பேரனிடம் உற்சாகமாகச் சொன்னார். "இவங்க வீட்டுக்காரரு அந்தக் காலத்துல பெரிய பாக்ஸர்டா. குளுவாங் கிராணின்னா மலாயா முழுக்கத் தெரியும். கடைசியில ஒரு சண்டைய வித்துட்டாரு, பாவம்."

இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோது அவர் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். அவர் சும்மா தலையாட்டுவார், நானும் வாயைத் திறக்க மாட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, வாக்குக் கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை, காப்பாற்றியவரும் இல்லை. பெரியவரைப் பார்த்து, கொஞ்சம் இப்படித் திரும்பி உட்காருங்கள் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேளச் சத்தத்தில் சில இடங்களில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் கையில் இருந்த பாயசம் ஆறி ஏடு கட்டிவிட்டது.

கேட்டு முடித்ததும் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நானும் கூட்டத்துல நின்னு கத்தினேன்மா" என்றார். "அம்பது வருஷமா அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"பரவால்ல. இனிமே மாத்திச் சொல்லுங்க" என்றேன்.

அவர் பேரன் பக்கம் திரும்பி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.